பியானோவில் மட்டும் மடங்கும் விரல்கள்: யாரிடம் காட்டலாம்?

சென்னையில் பியானோ கச்சேரியும் வகுப்பும்தான் என் பிழைப்பு. தீபாவளியிலிருந்து வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் வாசிக்கும்போது மட்டும் தானாக உள்ளே மடங்குகின்றன. வலி துளியும் இல்லை. சட்டைப் பொத்தான் போடலாம், டைப் அடிக்கலாம். சி மேஜர் ஸ்கேலில் ஏறும்போது பி கட்டையில் நாலாம் விரல் நழுவிவிடும்.

கழுத்து எம்.ஆர்.ஐ., நரம்புச் சோதனை இரண்டும் நார்மல். ஓய்வு, பிசியோதெரபி, தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. ஃபோகல் டிஸ்டோனியாவாக (உடலின் ஒரு பகுதியில் மட்டும் தசைகள் தானாக இறுகும் நரம்பியல் கோளாறு) இருக்கலாம் என்கிறார் டாக்டர். 1960களில் அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷருக்கு வலது கையில் வந்தது இதுதான். இடது கையால் வாசித்தும் பாடம் நடத்தியும் வந்தவர், 1990களில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசிக்குப் பிறகு இரண்டு கையாலும் வாசித்தார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. வகுப்பைச் சமாளித்துவிடலாம், ஜனவரிக் கச்சேரிதான் இடிக்கிறது.

இசைக் கலைஞர்களின் கையைப் பார்த்துப் பழகிய நரம்பியல் மருத்துவர் சென்னை, வேலூர், பெங்களூர் பக்கம் யாராவது இருக்கிறார்களா?