லோராவாக நடிக்கப் படத்தைப் பார்த்துப் பழகலாமா?

உவர்மலைக்காரி:
டென்னசி வில்லியம்ஸின் 'The Glass Menagerie' நாடகம், நம்ம இலங்கை நாடக இயக்குநர் பாலேந்திரா 'கண்ணாடி வார்ப்புகள்' என்று தமிழில் போட்டாரே, அதைத்தான் இங்கே திருகோணமலையில் ஒரு சின்னக் குழுவாகப் பழகிக்கொண்டிருக்கிறோம். காலில் சின்ன ஊனத்தோடு, கண்ணாடிப் பொம்மைகளே உலகமாக இருக்கும் கூச்சக்காரி லோராவாக நடிப்பது என் தங்கச்சி. 1950இல் ஜேன் வைமன் நடித்த படம், 1987இல் பால் நியூமன் எடுத்ததில் கேரன் அலன், இரண்டையும் பார்த்துவிட்டு இப்போது குனிந்த தலை நிமிராமல், கண் கலங்க, காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். மண்டபம் கடற்கரைப் பக்கம், யன்னலைத் திறந்தால் மூன்றாம் வரிசைக்கே குரல் வராது. சத்தமாகப் பேசு என்றால் லோரா காணாமல் போய்விடுகிறாள். என்ன செய்யலாம்?

பழைய மேடைக்காரன்:
தங்கச்சி, படம் பார்த்ததில் பிழையில்லை, ஆனால் கேரன் அலனின் கண்ணில் நடப்பதைக் கமரா கிட்டப் போய் எடுத்துத் தருகிறது, மேடையில் அதை யார் எடுத்துத் தருவது? வில்லியம்ஸ் எழுதிய குறிப்பை வாசியுங்கோ. தாயும் லோராவின் சகோதரன் ரொமும் சண்டை பிடிக்கும் காட்சியில் லோராவுக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் தெளிவான வெளிச்சம் அவள் மேல்தான் விழவேண்டும் என்கிறார். மற்ற இருவரும் கத்த, நாங்கள் பேசாமல் இருக்கிறவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படத்தில் யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்கு வெட்டிவிட்டால் இது போச்சு. அப்புறம் அந்தக் கால். மேடையில் இலேசாகக் காட்டினால் போதும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். பள்ளியில் இரும்புக் கட்டோடு நடந்த சத்தம் அவளுக்கு இடி மாதிரிக் கேட்டது, அவளோடு படித்து, இப்போது மாப்பிள்ளையாக வருவான் என்று தாய் எதிர்பார்க்கும் ஜிம் என்பவனுக்கோ அப்படி ஒன்று கேட்டதே இல்லை. இழுத்து நடந்தால் அந்த இடமே பொய்யாகிவிடும்.

நிலாவெளித் தம்பி:
அண்ணா சொல்வதோடு முழுதாக ஒத்துப்போக மாட்டேன். லோராவும் ஜிம்மும் ஆடும்போது மேசையில் இடித்து, அவளுடைய கண்ணாடி ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு உடைகிற இடத்தில் திரைதான் வெல்லும், பின்வரிசைக்கு அந்தப் பொம்மை கண்ணிலேயே படாது. இதே நாடகத்தை வைத்து 2004இல் மலையாளத்தில் சியாமபிரசாத் எடுத்த 'அகலே' படத்தைப் பாருங்கள். அதில் லோராவின் இடத்தில் வரும் கீது மோகன்தாசின் ரோஸ் பரிதாபத்தைக் கேட்டு வாங்குவதில்லை, எனக்குப் பிடித்த லோரா அவள்தான். 1950 படத்தை மட்டும் விட்டுவிடுங்கள், கடைசியில் இன்னொரு மாப்பிள்ளையை வாசலுக்கு வரவைத்து நாடகத்தின் முடிவையே மாற்றிவிட்டார்கள்.

உவர்மலைக்காரி:
அண்ணா, நேற்றுச் சண்டைக் காட்சிக்கு மற்ற லைட் எல்லாவற்றையும் குறைத்து, மேசை விளக்கு ஒன்றை அவள் பக்கம் திருப்பினோம். ஒன்றும் நடிக்காதே, பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிரு என்றேன். துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தவள், ரொம் கதவை அடித்த சத்தத்தில் கையில் இருந்ததை நெஞ்சோடு பொத்திக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மாவாக நடிப்பவருக்கு வசனமே மறந்துவிட்டது. குரல் இன்னும் சின்னதுதான், யன்னலைச் சாத்தி வைத்துப் பழகுகிறோம். தம்பி, கொம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒவ்வொரு நாளும் உடைக்கவும் வேண்டும், மறுநாள் ஒட்டவும் வேண்டும், மெழுகில் செய்தால் நிற்குமா?

பழைய மேடைக்காரன்:
நிற்கும். ஆனால் லைட்டுக்குப் பக்கத்தில் வைக்காதேங்கோ, இந்த வெயிலுக்கு உருகிவிடும்.