கீசரை நிறுத்தி சோலாருக்கு மாறியாச்சு. காலையில தண்ணி ஆறிக் கெடக்கு, கரண்ட் பில்லும் குறையலை

மாடிவீடு_பாளை:
இடம் பாளையங்கோட்டை, மகாராஜநகர். கீழ்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு, ஆறு பேர். மூணு பாத்ரூம்லயும் இருந்த 15 லிட்டர், 2 கிலோவாட் கீசரைக் கழற்றிட்டு மொட்டை மாடியில 200 லிட்டர் டியூப் மாடல் சோலார் ஹீட்டர் மாட்டியிருக்கு. 58 மி.மீ. விட்டம், 1800 மி.மீ. நீளத்துல 20 கண்ணாடி டியூப். தெற்கு பார்த்து நிக்குது, நிழல் எதுவும் விழாது.

பச்சைத்தண்ணி 1000 லிட்டர் சின்டெக்ஸ்ல இருந்து வருது. பச்சைத்தண்ணி லைனுக்கு மட்டும் அரை எச்.பி. பிரஷர் பம்ப் இருக்கு. சுடுதண்ணி பம்ப் இல்லாம தானா இறங்குது, முக்கால் இஞ்ச் சிபிவிசி பைப்ல. கீழ் பாத்ரூம் வரைக்கும் 18 மீட்டர், பைப்புக்கு உறை எதுவும் போடலை. போர் தண்ணிதான், டிடிஎஸ் (கரைஞ்ச உப்பு அளவு) 1300. சோலார் தொட்டிக்குள்ள மழைக்காலத்துக்குன்னு 2 கிலோவாட் காயில் இருக்கு.

சாயங்காலம் 5 மணிக்குத் தொட்டியில 62 டிகிரி காட்டுது. காலையில 6 மணிக்கு 36. ராத்திரி யாரும் சுடுதண்ணி எடுக்கிறது கிடையாது. அதனால தினமும் காலையில ஒரு மணி நேரம், சில நாள் ரெண்டு மணி நேரம் காயிலைப் போட வேண்டியிருக்கு. மாட்டின ஆள் "பனிக்கு அப்படித்தான் ஆறும்"னு சொல்றார். டியூப் மோசமா, தொட்டி மோசமா?

தச்சநல்லூர்_பைப்பு:
பனியா? நம்ம ஊர்லயா? 50 மி.மீ. பஃப் உறை (சூடு போகாம தடுக்குத நுரை) போட்ட தொட்டி ஒரு ராத்திரிக்கு அஞ்சாறு டிகிரி இறங்கும், கூடிப்போனா எட்டு. 26 டிகிரி இறங்குதுன்னா சூடு வேற எங்கேயோ போகுது அண்ணாச்சி. டியூபைக் கழற்றச் சொன்னா கழற்றாதீங்க. மொதல்ல இதைப் பாத்துச் சொல்லுங்க.

காலையில ஆறு மணிக்கு சின்டெக்ஸ்க்குள்ள கையை விட்டுப் பாருங்க, வெதுவெதுப்பா இருக்கா? ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பிரஷர் பம்ப் தானா விட்டு விட்டு ஓடுதா? சுடுதண்ணி, பச்சைத்தண்ணி ரெண்டும் சேருற மிக்சர்ல கைப்பிடி ஷவர் மாட்டி, குழாயைத் திறந்தே வச்சுட்டு ஷவர் விசையில மட்டும் நிறுத்துத பழக்கம் எந்த பாத்ரூம்லயாவது உண்டா?

இன்னிக்கு ராத்திரி 9 மணிக்கு மாடிக்குப் போயி சோலார் தொட்டியோட சுடுதண்ணி வெளியேறுத கேட் வால்வை மட்டும் மூடிருங்க. பச்சைத்தண்ணி உள்ள போற வால்வைத் தொடாதீங்க. அது திறந்து இருந்தாத்தான் டியூப்ல தண்ணி எப்பவும் நெறைஞ்சு நிக்கும். காலையில டிகிரியைப் பாத்துட்டுத் திறங்க.

மாடிவீடு_பாளை:
பார்த்தாச்சு. வால்வை மூடின ராத்திரி 61 இருந்தது, காலையில 55. மூடாத நாள்ல சின்டெக்ஸ் தண்ணி நிஜமாவே வெதுவெதுப்பாத்தான் இருக்கு. நாங்க அது வெயில் சூடுன்னு நெனச்சோம். பம்ப் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு விநாடி உறுமுது. மாடி பாத்ரூம் கைப்பிடி ஷவர் நீங்க சொன்ன மாதிரிதான், குழாய் ரெண்டும் எப்பவும் திறந்தே இருக்கு.

தச்சநல்லூர்_பைப்பு:
அப்போ டியூபும் நல்லாருக்கு, தொட்டியும் நல்லாருக்கு. மிக்சர்தான் திருடன்.

பம்ப் தள்ளுத பச்சைத்தண்ணிக்கு அழுத்தம் ஜாஸ்தி. சுடுதண்ணி லைன்ல மாடியில இருந்து இறங்குத அழுத்தம் மட்டும்தான். ஷவர் விசை மூடி, குழாய் ரெண்டும் திறந்து இருந்தா மிக்சருக்குள்ள ரெண்டு லைனும் ஒண்ணாயிருது. பச்சைத்தண்ணி சுடுதண்ணி பைப்புல எதிர்த்து ஏறி சோலார் தொட்டிக்குள்ள போகுது. அங்க இருக்க சுடுதண்ணி, பச்சைத்தண்ணி உள்ள வர்ற பைப் வழியா சின்டெக்ஸ்க்குப் போயிருது. சின்டெக்ஸ்ல இருந்து பம்ப் மறுபடி எடுக்குது. ஒரே சுத்து. தண்ணி வெளிய ஒரு சொட்டு சிந்தாது, அதான் யாருக்கும் தெரியலை. சில வீட்ல வெண்ட் பைப்ல (தொட்டியில இருந்து காத்தும் ஆவியும் வெளியேற மேல நிக்குத பைப்) கொட்டும், அவங்க சீக்கிரம் கண்டுபிடிச்சிருவாங்க.

கணக்கும் ஒத்துப் போகுது. 200 லிட்டர் 26 டிகிரி எறங்குனா அந்தச் சூட்டுக்கு 1000 லிட்டர் 5 டிகிரி ஏறும். காத்துல போறது போக சின்டெக்ஸ் வெதுவெதுன்னு இருக்கத்தான் செய்யும்.

கீசர் இருந்தப்ப ஏன் இது வரலைன்னு கேப்பீங்க. அப்போ ரெண்டு லைனுக்கும் ஒரே பம்ப், அழுத்தம் சமம். போதாததுக்கு கீசர் உள்வாயில இருந்த மல்டி பங்ஷன் வால்வுக்குள்ள ஒரு என்ஆர்வி (தண்ணியை ஒரு பக்கம் மட்டும் விடுத வால்வு) உண்டு. கீசரோட சேத்து அதையும் கழற்றிட்டீங்க.

மாடிவீடு_பாளை:
புரியுது. அப்போ சோலார் தொட்டிக்குப் பச்சைத்தண்ணி வர்ற பைப்ல ஒரு என்ஆர்வி போட்டாப் போதுமா? மாட்டின ஆள் அப்படித்தான் சொல்றார்.

தச்சநல்லூர்_பைப்பு:
போதாது. அதைப் போட்டா சின்டெக்ஸ்க்குப் போற வழி மட்டும்தான் அடைபடும். எதிர்த்து ஏறுத தண்ணி அப்பவும் தொட்டிக்குள்ள வரத்தான் செய்யும், வெண்ட் வழியாக் கொட்டும். வாசல்ல தடுக்கணும், கொல்லையில இல்ல.

ஒவ்வொரு மிக்சருக்கும் சுடுதண்ணி ஏறுத எடத்துல ஒரு என்ஆர்வி வேணும், அம்பு மிக்சரைப் பாத்து இருக்கணும். மாடியில தொட்டி வெளிவாயில ஒண்ணே ஒண்ணு போட்டா தொட்டிச் சூடு தப்பிக்கும். ஆனா ஒரு பாத்ரூம்ல கலந்த பச்சைத்தண்ணி, பக்கத்து பாத்ரூம் சுடுதண்ணிக் குழாயில வரும். கடையில ஸ்பிரிங் வச்சதை எடுத்துத் தருவாங்க, வாங்காதீங்க. தானா இறங்குத தண்ணிக்கு அந்த ஸ்பிரிங்கைத் தள்ளுத தெம்பு மாடி பாத்ரூம்ல இருக்காது, நூல் மாதிரி வரும். பித்தளையில மடல் வச்சது கேளுங்க, படுக்கையாப் பொருத்தணும்.

சுடுதண்ணிக்கும் வேகம் வேணும்னு பம்ப் லைனைச் சோலார் தொட்டி உள்வாயில குடுத்துராதீங்க. உங்களுது அழுத்தம் தாங்குத தொட்டி கிடையாது. சிலிகான் வளையம் பிதுங்கும், வெல்டு விடும். வேகம் வேணும்னா தொட்டியில இருந்து வெளிய வந்த பிறகு, சுடுதண்ணி தாங்குத சின்ன பம்பைத் தனியா வைக்கணும்.

வேலைக்கு ஆள் வரும்போதே இன்னும் ரெண்டைப் பாத்துருங்க. பச்சைத்தண்ணி உள்ள வர்ற பைப் ஒன்றரை அடி கீழ இறங்கி ஏறி வரணும். நேரா மேல இருந்து வந்தா பம்ப் இல்லாமலே சூடு பைப் வழியா ஏறும். வெண்ட் பைப் சின்டெக்ஸோட தண்ணி மட்டத்துக்கு மேல ஓரடியாவது நிக்கணும். அதோட வாயை அடைக்கவே கூடாது, குளவி கூடு கட்டுதுன்னு துணியைச் சுருட்டித் திணிக்காங்க சில வீட்ல.

மின்கணக்கு:
பில் குறையாததற்கான காரணத்தை நான் சொல்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.163 வாட்-மணி வேண்டும். ஆறு பேர், தலைக்கு 20 லிட்டர், 29 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு என்றால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். கீசர் நின்றபடி இழக்கும் சூட்டையும் சேர்த்து இரண்டு, இரண்டரை யூனிட். இவ்வளவுதான் பழைய செலவு.

இப்போது 2 கிலோவாட் காயிலை ஒரு மணி நேரம் போட்டாலே 2 யூனிட். அது 200 லிட்டரையும் சேர்த்துச் சூடாக்குவதால் எட்டரை டிகிரிதான் ஏறும். ஆகவே சோலார் வைத்தும் அதே செலவு. அதைவிட மோசம், காலையில் காயில் ஏற்றிய சூட்டில் நீங்கள் பயன்படுத்தாத பங்கு அன்று பகலில் வெயிலுக்கு வேலை இல்லாமல் செய்துவிடும். இரண்டு மாதக் கணக்கில் தினம் 2 யூனிட் என்பது 120 யூனிட். 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்கு ஸ்லாப் மாறுவதால், அந்த 120 யூனிட்டுக்கான தொகையோடு நிற்காமல் மொத்த பில்லும் ஏறும்.

காயிலின் எம்சிபி சுவிட்சை இறக்கி வைத்துவிடுங்கள். கழற்றிய கீசர்களில் ஒன்றை மாடி பாத்ரூமிலும் ஒன்றைக் கீழேயும் திரும்ப மாட்டி, சோலார் சுடுதண்ணீரை அதன் உள்வாயில் கொடுங்கள். தெர்மோஸ்டாட்டை 45 டிகிரியில் வையுங்கள். சோலார் தண்ணீர் 50 டிகிரியில் வந்தால் கீசர் விழிக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 32 டிகிரியில் வந்தால், தேவையான 15 லிட்டரை மட்டும் கால் யூனிட்டுக்குள் ஏற்றிக் கொடுக்கும். கீசரைச் சுற்றி மூன்று வால்வு வைத்த பைபாஸ் வேண்டும். சித்திரையில் 80 டிகிரி தண்ணீர் வரும்போது கீசருக்குள் விடாமல் சுற்றிவிடலாம். உள்வாயில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது கீசர் கையேட்டில் இருக்கும், பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வள்ளியூர்_காத்து:
எல்லாரும் டிடிஎஸ் 1300ஐ விட்டுட்டீங்களே! இந்தத் தண்ணியோட டியூப் மாடல் வச்சது நல்லது. தகடு மாடலா இருந்தா உள்ள இருக்க மெல்லிய செப்புக் குழாய்ல காரை படிஞ்சு அடைச்சிருக்கும். 60 டிகிரிக்கு மேல போகப் போகத்தான் காரை வேகமாப் படியும். டியூப்ல அது அடியில மாவு மாதிரி தங்கும், வருஷம் ஒருக்கா கழுவினாப் போதும்.

கழுவுறது வெயில் ஏறுமுன்ன முடியணும். முந்தின சாயங்காலமே டியூப் மேல தார்ப்பாயைப் போட்டு மூடி, உள்வாயை அடைச்சு, தொட்டியை வடிச்சிருங்க. விடியக்காலை டியூபைச் சோப்புத்தண்ணி தொட்டுத் திருகி உருவி, கொட்டி, பாட்டில் பிரஷ் விட்டு அலசி மாட்டுங்க. அடிமுனையில வெள்ளி மாதிரி பளபளக்கிற பூச்சு பால்வெள்ளையா மாறி இருந்தா அந்த டியூபோட ரெட்டைக் கண்ணாடிக்கு நடுவுல இருந்த வெற்றிடம் போயிருச்சு, மாத்தணும்.

வெயில்ல தண்ணியில்லாம காய்ஞ்ச டியூப்ல பச்சைத்தண்ணி விட்டா அந்த எடத்துலயே வெடிக்கும். மத்தியானம் தொட்டி காலின்னு தெரிஞ்சா பதறி மோட்டாரைப் போடாதீங்க, மூடி வச்சுட்டு மறுநாள் விடியலுக்குக் காத்திருங்க.

தாமிரபரணித் தண்ணி கனெக்‌ஷன் இருந்தா சோலாருக்கு அதைக் குடுங்க. சின்னதா 300 லிட்டர் தொட்டி, அடிமட்டம் சோலார் தொட்டி தலைக்கு ஓரடி மேல நிக்கணும், மிதவை வால்வு ஒண்ணு. போர் தண்ணியே கதின்னா தொட்டி அரிக்காம இருக்க, தான் கரையுற மக்னீசியம் ஆனோடு கம்பியை வருஷா வருஷம் கழற்றிப் பாருங்க. மூணுல ரெண்டு பங்கு கரைஞ்சிருந்தா மாத்துங்க. திசையன்விளை, உவரிப் பக்கம் ஆனோடு இல்லாத ஸ்டீல் தொட்டியில வெல்டு ஓரம் ஊசி ஊசியா ஓட்டை விழும், உப்போட வேலை.

ஸ்டாண்டு காலை கான்கிரீட் கட்டையில போல்ட் போட்டிருக்கா? செங்கல் மேல சும்மா நிக்குதுன்னா ஆனிக்கு முன்னாடி கட்டிருங்க. பாளையில பரவாயில்லை, எங்க பக்கம் ஆடிக்காத்து தொட்டியோட தூக்கும்.

செங்கோட்டை_சாரல்:
இடையில கேக்கேன், மன்னிச்சுக்கோங்க. எங்களுக்கு ஆனி, ஆடி, ஆவணி முழுக்கச் சாரல், மேகம் விலகாது. சோலார் சரிப்படுமா, ஹீட் பம்பா?

மின்கணக்கு:
உங்களுக்கு ஹீட் பம்ப்தான். வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்கு மாற்றுவதால் வெயில் வேண்டாம். 25 டிகிரி காற்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் சூடு கிடைக்கும். 100 லிட்டரை 30 டிகிரி ஏற்ற மூன்றரை யூனிட் சூடு தேவை, மீட்டரில் ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடியும். அடைத்த அறைக்குள் வைக்காதீர்கள், தன் குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழும் வேண்டாம், உறுமும். ஏசி போலவே தண்ணீர் சொட்டும், வடிகுழாய் வையுங்கள்.

மாடிவீடு_பாளை:
மூணு மிக்சருக்கும் மடல் என்ஆர்வி போட்டாச்சு, உள்வாய் பைப்பையும் இறக்கி ஏத்தியாச்சு. நேத்து சாயங்காலம் 63, இன்னிக்குக் காலையில 57. பம்ப் ராத்திரி மூச்சு விடலை. காயில் எம்சிபி இறக்கியாச்சு. ஒண்ணு மட்டும் பாக்கி. கீழ் பாத்ரூம்ல மொத கால் வாளி பச்சையாத்தான் வருது. பைப்புக்கு உறை போட்டா நிக்குமா?

தச்சநல்லூர்_பைப்பு:
முழுசா நிக்காது. முக்கால் இஞ்ச் சிபிவிசி ஒரு மீட்டருக்குக் கால் லிட்டர் பிடிக்கும். உங்க 18 மீட்டர்ல நாலரை லிட்டர், ராத்திரி முழுக்க பைப்ல நிக்கது எந்த உறைக்குள்ளயும் ஆறிப்போகும். ஆனா ஒருத்தர் குளிச்சு அரை மணி கழிச்சு அடுத்தவர் போறப்ப உறை கைகுடுக்கும், மாடியில வெட்டவெளியில ஓடுத பைப்புக்கு ரொம்பவே. 13 மி.மீ. கறுப்பு நைட்ரைல் ரப்பர் உறைக்குழாய் வாங்கி, கீறி மாட்டி, மேல அலுமினியத் தாள் டேப்பை ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுத மாதிரி சுத்துங்க. டேப் இல்லாம விட்டா ரெண்டு கோடையில அப்பளமா நொறுங்கும். தொட்டி வாயில இருந்து மொத ஒரு மீட்டர் ஜிஐ பைப்பா இருக்கான்னும் பாத்துக்கோங்க. ஊருக்குப் போயி தண்ணி எடுக்காம கெடந்தா தொட்டி கொதிக்கும், அந்தச் சூட்டுக்கு சிபிவிசி வளைஞ்சு தொங்கிரும். நாலு நாளுக்கு மேல ஊர்ல இல்லைன்னா பாதி டியூபைச் சாக்கு போட்டு மூடிட்டுப் போங்க.