புதுப்பிப்பு: பின்னம் வகுப்பில் காத்திருந்து பார்த்தது

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தினால் நாலைந்து பிள்ளைகள்தான் பதில் சொல்கிறார்கள், காரணத்தை என் வகுப்பிலேயே செயல் ஆராய்ச்சியாக (ஆசிரியரே தன் வகுப்பில் மாற்றம் செய்து பார்த்து, விளைவைக் கவனிப்பது) தேடப்போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று காரைக்குடிப் பக்கத்து ஆசிரியர்கள் கேட்டதால் இது.

என் பாடத்தைச் செல்போனில் பதிவு செய்து கேட்டேன். கேள்விக்கும் என் அடுத்த பேச்சுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. 1970களில் அமெரிக்க வகுப்பறைகளில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் கண்டதும் இதுதான்: ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள்.

சரி என்று நானும் காத்திருந்தேன். முதலில் பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அப்புறம் ஒரு நாள், தரையில் பதிக்கும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்லை வைத்து, "நாலு ஆத்தங்குடிக் கல் சேர்ந்தா ஒரு பூ. மூணு கல் பதிச்சா?" என்று கேட்டேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், கல் பட்டறைக்காரர் மகள், எழுந்தாள். "முக்கால் பூ சார். ஒவ்வொரு கல்லையும் ரெண்டா வெட்டினா எட்டுல ஆறு. அதுவும் முக்கால்தான்." சமான பின்னத்தை நான் இன்னும் தொடங்கவே இல்லை! அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வாய்ப்பாட்டுக் கேள்விகளில் பெரிய மாற்றமில்லை. 'ஏன்' கேள்விகளில்தான் தெரிகிறது. அடுத்த சுற்றில் பக்கத்து வகுப்பு டீச்சர் பின்னால் உட்கார்ந்து, யார் யார் பேசுகிறார்கள் என்று குறித்துத் தருகிறார். நீங்களும் செய்து பார்த்தால், எந்தப் பாடம், என்ன கேள்வி என்பதையும் எழுதுங்கள்.