கார்க் நகரில் கேட்ட ‘ஃபீன்’ எந்த மொழி?

கார்க்வாசி: அயர்லாந்தில், கார்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். உடன் வேலை செய்யும் உள்ளூர்ப் பிள்ளைகள் ஆணை ‘ஃபீன்’ என்றும் பெண்ணை ‘பியோர்’ என்றும் போலீஸை ‘ஷேட்ஸ்’ என்றும் சொல்கிறார்கள். மூத்த செவிலியர் ஒருவரிடம் கேட்டதற்கு, “நாடோடித் தகரக்காரர்களின் திருட்டு மொழி அது, உங்களுக்கு எதற்கு?” என்று முகம் சுளித்தார். அப்படி ஒரு மொழி உண்டா? நம் ஊர்ப் பிள்ளைகளின் ‘க’ பாஷை மாதிரியா?

ஈயம்பூசி பேரன்: உண்டு. ஆனால் ‘திருட்டு’ என்ற அடைமொழியை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும். என் தாத்தா தெருத்தெருவாகப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர்கள் செம்பை எண்ணி வைப்பார்கள். அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

நீங்கள் கேட்டவை ஐரிஷ் டிராவலர் மக்களின் சொற்கள். நூல்களில் ஷெல்டா என்றிருக்கும். 1880இல் லீலண்ட் என்ற அமெரிக்கர் எழுதிப் பரவிய பெயர் அது. அவர்கள் தங்கள் பேச்சைக் காமன் அல்லது கேன்ட் என்பார்கள். வாளி, பால் பாத்திரம் செய்தும் ஓட்டை அடைத்தும் ஊர் ஊராகப் போனவர்கள். வாசலில் விலை பேசும்போது வீட்டுக்காரருக்குப் புரியாமல் தங்களுக்குள் கலந்து பேசிக்கொள்ள வேண்டாமா? போலீஸ் வருவதைச் சொல்ல வேண்டாமா?

‘க’ பாஷையைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பல சொற்கள் ஐரிஷ் சொற்களைப் புரட்டிப் போட்டவை. கதவு ‘டோரஸ்’, இவர்களிடம் ‘ரோடஸ்’. பெண்பிள்ளை ‘கலீன்’, அது ‘லகீன்’. மகன் ‘மக்’, அது ‘கம்’. வாக்கிய அமைப்பு மட்டும் பெரும்பாலும் ஆங்கிலம்.

குமரிக்கண்டன்: மக் என்றால் மகன்! இங்கிருந்து போனதுதான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

ஈயம்பூசி பேரன்: ஐயா, உங்களுக்குக் கை கூப்புகிறேன். இந்தத் திரியையாவது விட்டுவிடுங்கள்.

கார்க்வாசி: நன்றி அண்ணா. இப்போதும் பேசுகிறார்களா? எங்கள் வார்டுக்கு டிராவலர் குடும்பங்கள் வருவதுண்டு. இரண்டு வார்த்தை பேசினால் மகிழ்வார்களா?

டப்ளின் மாமி: வேண்டாம் அம்மா. வெளியாள் பேசினால் வேவு பார்ப்பதாகவோ கேலி செய்வதாகவோ நினைப்பவர்கள் உண்டு. ‘டிங்கர்’ (தகரக்காரர்) என்ற சொல்லும் வாயில் வரவே கூடாது, இங்கே அது வசை. பிளாஸ்டிக் வாளி வந்ததும் தகரத்தொழில் படுத்துவிட்டது. பிறகு, இவர்களை ஓரிடத்தில் குடியமர்த்திக் கரைத்துவிடுவதே தீர்வு என்ற போக்கில் 1963இல் அரசுக் குழு அறிக்கை கொடுத்தது. தனி இனக்குழு என்று அரசு ஏற்றது 2017 மார்ச் 1ஆம் தேதிதான். இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுக்குள் சில சொற்களை வைத்திருக்கிறார்கள். அவர்களாகச் சொல்லித் தந்தால் கற்றுக்கொள்.

கார்க்வாசி: சரி மாமி. அந்த ‘ஷேட்ஸ்’ மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

டப்ளின் மாமி: தாராளமாக. போலீஸ் காதில் விழாமல்.