புதுப்பிப்பு: தஞ்சாவூரில் 10 கி.மீ. ஓட வழியும் துணையும் கிடைத்தன

வண்டித் தொல்லை இல்லாத 10 கி.மீ. வழியும், கிலோமீட்டருக்கு ஆறரை நிமிட வேகத்தில் கூட ஓட ஆளும் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது புது ஆற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரை யோசனைதான். நகரப் பாலத்திலிருந்து தண்ணீருக்கு எதிர்த்திசையில், கல்லணைப் பக்கமாக 5 கி.மீ. போய்த் திரும்பலாம். மேடே இல்லை. விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்; தாமதித்தால் திரும்பும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் கரை வேண்டாம். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் களிமண் வழுக்கும், ஷூவில் அப்பிக் கால் கனக்கும். அன்றைக்கு அன்னை சத்யா விளையாட்டு அரங்கம் போங்கள். 400 மீட்டர் தடம், 25 சுற்று. பாதியில் திசையை மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரே பக்க முழங்காலுக்குச் சுமை.

துணை கிடைத்ததும் அரங்கத்தில்தான். வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் நடைப்பயிற்சிக்காரர்கள், வேகம் ஒத்துவரவில்லை. "தடத்தில் உங்க வேகத்துல ஓடுறவங்களப் பாத்து நேர்ல கேளுங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதே பலித்தது. பேசிக்கொண்டே இரண்டு கி.மீ. மூச்சு வாங்காமல் ஓட முடிந்தால் ஜோடி சரி.

எதிர்பாராதது அறுவடை. தை, மாசியில் கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. பனியில் நனைந்த வைக்கோல் கரைச் சேற்றைவிட மோசமாக வழுக்கும். நெல்லை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு.