கையில் திரும்பும் டிக்கெட் இல்லாமல் கவுன்டரில் நின்றவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை:

2024 ஜனவரி, திருச்சியிலிருந்து கோலாலம்பூர். ஒரு வழி டிக்கெட்தான் எடுத்திருந்தேன். அங்கிருந்து ரயிலில் தாய்லாந்து, அப்புறம் லாவோஸ், எந்த ஊர் பிடிக்கிறதோ அங்கே பத்து நாள் என்று எண்ணம். அதற்கு முந்தைய மாதம்தான் மலேசியா நமக்கு 30 நாளுக்கு விசா வேண்டாம் என்று திறந்துவிட்டிருந்தது. விசாவே வேண்டாம் என்றால் வேறு என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்ற தைரியம்.

பை எடை போட்டு டேக்கும் சுற்றியாகிவிட்டது. அப்போதுதான் "ரிட்டர்ன் டிக்கெட் காட்டுங்க சார்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். ரயிலில் போகிறேன் என்றேன். ரயில் டிக்கெட்டாவது இருக்கிறதா என்றார். அதுவும் இல்லை. பெல்ட்டில் பாதி தூரம் போயிருந்த பையைப் பின்னால் இழுத்து, டேக்கைக் கத்தரித்துக் கீழே வைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க" என்று வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. திரையை என் பக்கம் திருப்பி ஒரு வரியைக் காட்டிவிட்டு, "அங்க உங்களைத் திருப்பி அனுப்பிட்டா, விளக்கம் எழுதிக் கொடுக்கிறது நான்தான் சார்" என்றார்.

கவுன்டர் மூட இருபத்தைந்து நிமிடம். என் போனில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற பெரியவர், ஜொகூரில் ஹோட்டல் வேலைக்குத் திரும்புகிறவர், தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். வாங்கினேன், ஏறினேன். கோலாலம்பூரில் அதிகாரி எதுவுமே கேட்காமல் முத்திரை குத்திவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்தப் பெண்ணிடம் கத்தியது இன்னும் உறுத்துகிறது.

பட்டர்வொர்த் அக்கா:

கத்தியிருக்கக் கூடாது தம்பி. சின்னப் பிள்ளைகள், ராத்திரி முழுக்க நிற்கிறார்கள்.

ஆனால் டிக்கெட் வைத்திருந்தும் நான் மாட்டினேன். 2019 டிசம்பர் 3, பினாங்கிலிருந்து பேங்காக். திரும்புவது ஜனவரி 2. அப்போது மலேசியர்களான எங்களுக்குத் தாய்லாந்தில் விசா இல்லாமல் முப்பது நாள். நான் இரவுகளை எண்ணி முப்பது என்று போட்டிருந்தேன். கவுன்டர் பையன் மேசை நாள்காட்டியை எடுத்து வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினான். 3-ஆம் தேதி ஒன்று, 4 இரண்டு. ஜனவரி 1-ல் முப்பது முடிந்தது. பேனா 2-ன் மேல் போய் நின்றது. "ஆண்ட்டி, இது முப்பத்தொன்று" என்றான். இறங்குகிற நாளும் ஒரு நாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தேதியை மாற்றக் கேட்ட காசில் இன்னொரு தடவை போய் வந்திருக்கலாம்.

ரயிலில் போனால் இந்தத் தொல்லையே கிடையாது. பாடாங் பெசார் நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஒரே கட்டடத்தில் இருக்கிறது. பலமுறை போயிருக்கிறேன், ஒருவரும் டிக்கெட் கேட்டதில்லை. அப்போதெல்லாம் கடப்பிதழை நீட்டினோமா, தாய்லாந்துப் பக்கம் ஹாட்யாய் போகிற ரயிலில் ஏறினோமா, அவ்வளவுதான்.

நாடோடி88:

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? ஆன்வர்டு டிக்கெட்டை, அதாவது போகிற நாட்டைவிட்டு வெளியேறுவதற்கான டிக்கெட்டை, வாடகைக்குத் தருகிற தளங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து டாலர், இரண்டு நாள் உயிரோடு இருக்கிற நிஜ முன்பதிவு. ஐந்து முறை பயன்படுத்தியிருக்கிறேன். மணிலா போகும்போது மட்டும் ஒருவர் பி.என்.ஆரைத் தட்டிப் பார்த்தார். திரையில் என் பெயர் வரும்வரை மூச்சே விடவில்லை. வந்தது. சரி என்று போர்டிங் பாஸ் கொடுத்துவிட்டார்.

சரவணம்பட்டி அப்பா:

நாடோடி, உங்களுக்குப் பெயர் வந்தது. எனக்கு வரவில்லை. ஐந்து முறை தப்பியதை வழியாகச் சொல்லாதீர்கள், குடும்பத்தோடு போகிறவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

2024 நவம்பரில் ஃபுளோரஸ் தீவில் லெவோடோபி எரிமலை வெடித்து, சாம்பலால் பாலி விமானங்கள் ரத்தான வாரம். நாங்கள் பாலிக்குக் கிளம்ப வேண்டிய விமானமும் ரத்து. மூன்றாம் நாள் வேறு விமானத்தில் இடம் கொடுத்தார்கள். பாலியில் எத்தனை நாள், பக்கத்துத் தீவுகளுக்குப் போவதா என்று முடிவு செய்யாததால் நானும் வாடகை டிக்கெட்தான் வைத்திருந்தேன். அது முந்தைய நாளே செத்துப்போனது எனக்கு உறைக்கவில்லை. கவுன்டரில் மூன்று பெயரையும் அடித்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் அடித்துப் பார்த்தார். என் மகளுக்கு ஏழு வயது. நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு தள்ளுவண்டி மேல் உட்கார்ந்திருந்தவள், "அப்பா, நம்ம டிக்கெட் பொய்யா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அங்கேயே நின்று மூன்று பேருக்கும் பாலியிலிருந்து கோலாலம்பூருக்கு உண்மையான டிக்கெட் வாங்கினேன்.

பாலி போனோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

மதுரை டிக்கெட் கடை:

பதினெட்டு வருடமாக டிக்கெட் போடுகிறேன். ஒரு விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். மகள் பிரசவத்துக்கு மலேசியா போகிற பெரியவர் ஒருவர், எப்போது திரும்புவேன் என்று தெரியாது, ஒரு வழி போதும் என்றார். போட்டுக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டை முழுதாகப் புரட்டிப் பார்க்கவில்லை, அது ஈ.சி.ஆர்., அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியகல்வு அனுமதி தேவைப்படுகிற பாஸ்போர்ட். மறுநாள் காலை கடை திறக்கப் போனால் பிரசவ லேகிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறார். குடியகல்வில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் முதலில் இதைக் கேளுங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈ.சி.ஆர். இருக்கும். அந்தப் பட்டியலில் 18 நாடுகள், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா மூன்றும் அதில் உண்டு. வேலைக்கு இல்லை, சும்மா பார்க்கத்தான் போகிறேன் என்றாலும் திரும்பும் டிக்கெட்டைக் காட்டியாக வேண்டும். அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற பிள்ளைகள் தயவுசெய்து கவனியுங்கள்.

காவிரிக்கரை தம்பிக்குத் திரையில் காட்டியது டைமேட்டிக். விமான நிறுவனங்களின் சர்வதேச சங்கமான ஐ.ஏ.டி.ஏ. வைத்திருக்கிற தரவுத்தளம். எந்த நாட்டு பாஸ்போர்ட், எங்கே போகிறார் என்று அடித்தால் என்னென்ன காட்ட வேண்டும் என்று வரும். போகிற நாடு பயணியை உள்ளே விடவில்லை என்றால் ஏற்றி வந்த விமான நிறுவனமேதான் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால்தான் ஏறுகிற ஊரில் கிடுக்கிப்பிடி, இறங்குகிற ஊரில் பெரும்பாலும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. பட்டர்வொர்த் அக்காவின் ரயிலும் அப்படித்தான். அங்கேயும் அதிகாரிக்குத் தோன்றினால் கேட்கலாம்.

வாடகை முன்பதிவை நான் யாருக்கும் எடுத்துத் தருவதில்லை. முழுப்பணமும் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாக எடுங்கள். விலை கூடத்தான் இருக்கும், பணம் கார்டுக்குத் திரும்பவும் நாளாகும், ஆனால் திரையில் பெயர் இருக்கும். அமெரிக்கா போகிற, அங்கிருந்து கிளம்புகிற விமானம் என்றால், ஏழு நாளாவது முன்கூட்டி நிறுவனத்திடமே நேரடியாக எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பிடித்தமில்லாமல் ரத்து செய்யலாம், அல்லது அதே விலையில் நிறுத்திவைக்கலாம். இல்லையென்றால் பக்கத்து நாட்டுக்கு இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கிவிட்டு, அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். எதுவானாலும் காகிதத்தில் ஒரு பிரதி கையில் இருக்கட்டும்.

ஸ்கார்பரோ வாசி:

எல்லாவற்றுக்கும் விமானம்தான் வேண்டும் என்றில்லை. நாங்கள் டொரன்டோவிலிருந்து கோஸ்டா ரிக்கா போனபோது பனாமாவுக்கு பஸ் டிக்கெட்தான் கையில். கவுன்டரில் இருந்தவர் வாங்கி வாசித்தார், பிறகு மேற்பார்வையாளரோடு கதைத்தார். மனுசி என் கையைப் பிடித்தபடி நின்றா. ஐந்து நிமிடத்தில் சரி என்று விட்டார்கள். நாட்டைவிட்டு வெளியேறுவதற்கு அத்தாட்சிதான் அவர்களுக்கு வேண்டும். பஸ் கொம்பனியின் பெயரும் திகதியும் எங்கள் பெயரும் தெளிவாக இருந்தது.

காவிரிக்கரை:

அக்கா, அன்றைக்கு வாங்கிய திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன், வரி மட்டும்தான் திரும்ப வந்தது. நீங்கள் சொன்ன பாடாங் பெசார் வழியாகவேதான் போனேன். ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் இறங்கியதும் புறப்பாடு பக்கம் போய், உள்ளே விடாததால் கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். அந்தக் கவுன்டரில் வேறு ஒருவர் இருந்தார்.

அடுத்த மாதம் வியட்நாம். 90 நாள் இ-விசா வந்துவிட்டது, திரும்பும் தேதி முடிவாகவில்லை. மதுரை அண்ணே, இ-விசா இருந்தாலும் கவுன்டரில் கேட்பார்களா?