வெந்த கறி எந்த விலங்கினுடையது என்று சோதித்து அறிய முடியுமா?

ஈரோட்டு மெஸ்:
வணக்கம். குடும்பமாகச் சிறிய மெஸ் ஒன்றை நடத்துகிறோம். எங்கள் மட்டன் சுக்காவைப் படம் பிடித்து, "இது ஆட்டுக்கறியே இல்லை" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பரப்பியதிலிருந்து மதிய வியாபாரம் பாதியாகிவிட்டது. வெள்ளாட்டை உரிக்கும்போது உடன் நின்று கறி வாங்கிவரும் என் தந்தையால் இந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை. மிளகாயும் மல்லியும் சேர்ந்து ஒரு மணி நேரம் வெந்த கறியிலும் விலங்கினத்தை உறுதியாகச் சொல்லும் சோதனை உண்டா?

நுண்குழாய்:
உண்டு. வெந்தபின் நிறம், நார், கொழுப்பு ஆகியவற்றை வைத்து எதையும் சொல்ல இயலாது. புரதங்களும் வெப்பத்தில் உருமாறிவிடுவதால், பச்சைக்கறிக்கு உதவும், குறிப்பிட்ட விலங்கின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பழைய எதிர்ப்பொருள் (antibody) சோதனைகள் பல இங்கே கைகொடுப்பதில்லை. டி.என்.ஏ. முற்றிலும் அழிவதில்லை, துண்டு துண்டாக உடைகிறது; அதிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான நகல்களாக இருப்பதால், எவ்வளவு உடைந்தாலும் தேவையான துண்டு எங்கேனும் எஞ்சியிருக்கும். எனவே விலங்குக்கு விலங்கு வேறுபடும் சைட்டோகுரோம் பி போன்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 100 முதல் 150 இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுள்ள சிறு பகுதியை மட்டும் பி.சி.ஆர். என்னும் நகலெடுக்கும் முறையில் பெருக்கிப் பார்க்கிறோம். பச்சைக்கறியில் எளிதாகக் கிடைக்கும் 600 இணை நீளப் பகுதியை, 121 டிகிரியில் பதப்படுத்திய டின் கறியில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

உங்கள் சுக்காவைப் பொறுத்தவரை என் கவலை அடுப்பைப் பற்றியதன்று, மசாலாவைப் பற்றியது. அதிலுள்ள சில பொருட்கள் பி.சி.ஆர். வினையையே தடுத்துவிடும். ஆகவே துண்டைக் கழுவி, கருகிய மேற்பரப்பைச் செதுக்கி நீக்கிவிட்டு, நடுச்சதையிலிருந்து 25 மில்லிகிராம் எடுப்பேன். ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை.

கால்நடை மருத்துவர்:
கண்ணால் பார்த்து முடிவு செய்வதன் ஆபத்தை நாம் சென்னையிலேயே கண்டோம். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டபோது, வால் நீளமாக இருந்ததால் நாய்க்கறி என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் அது ஆட்டிறைச்சி என்று தெரியவந்தது. வதந்தி பரவிய வேகத்தில் அந்த முடிவு பரவவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட முடிவில், 27 மாட்டிறைச்சி பர்கர்களில் 10-இல் குதிரையின் டி.என்.ஏ.யும் 23-இல் பன்றியின் டி.என்.ஏ.யும் காணப்பட்டன. ஒன்றில் குதிரைக்கறி 29 சதவீதம். மற்றவற்றிலோ மிகச் சிறிய அளவே. 'இருக்கிறது' என்பதும் 'கலந்தார்கள்' என்பதும் ஒன்றல்ல என்பதால்தான் ஐரோப்பியச் சோதனைகளில் 1 சதவீதத்தை எல்லையாகக் கொண்டார்கள்.

ஈரோட்டு மெஸ்:
எங்கள் கட்டையில் கோழியும் வெட்டுகிறோம். அது சிக்கலாகுமா? அன்று சமைத்த சுக்காவில் ஒரு டப்பா ஃப்ரீசரில் இருக்கிறது.

நுண்குழாய்:
கோழியின் சுவடு தெரியலாம். அதை ஆய்வகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறுமனே "என்ன கறி" என்று கேட்காமல், வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமை, நாய், பூனை என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடிவு கேளுங்கள். வெள்ளாடும் செம்மறியும் நெருங்கிய உறவு என்பதால் பொதுவான சோதனை இரண்டையும் குழப்பக்கூடும்.

அந்த டப்பாவைத் திறக்காதீர்கள், ஃபார்மலினும் சேர்க்காதீர்கள், அது டி.என்.ஏ.யைக் கெடுக்கும். சாட்சிகள் முன்னிலையில் முத்திரையிட்டுப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புங்கள். இன்று புதிதாகச் சமைத்ததை அனுப்பினால் அது இன்றைய கறிக்கு மட்டுமே சான்றாகும். படம் எடுத்தவருக்கும் வழி இருந்தது: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் அவரே சோதித்திருக்கலாம்.